பதினேழாவது வார்டில் மணி அடிக்கும்போது

பத்து நாற்பதுக்கே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டான் தணிகாசலம். வெள்ளைச் சட்டை, புதுசு, பெட்டியில் மடித்த கோடுகூட இன்னும் போகவில்லை. பதினேழாவது வார்டு உதவிப் பொறியாளர் என்று கழுத்தில் அட்டை தொங்குகிறது. அந்த அட்டையை நான் படிக்கவே தேவையில்லை, பத்து மாதமாகப் பல் தேய்க்கும்போதும் அந்தப் பெயரைத்தான் மென்றுகொண்டிருக்கிறேன். உட்காரு ராசா, நன்றாகச் சாய்ந்து உட்காரு. பதினொன்றேகாலுக்கு ஆணையர் அம்மா வந்து பட்டனை அமுக்குவார், அப்புறம் இருக்கிறது உனக்கு. நான் நகராட்சி மன்றக் கூடத்தின் கடைசியில் இருக்கிறேன், மேசையில் லேப்டாப், மிக்ஸர், ஒரு கையடக்க மைக், யாரோ வைத்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில். எதிர்ச் சுவர் முழுக்கத் திரை, திரை முழுக்க எங்கள் ஊர் வரைபடம். நகராட்சியின் இணையதளத்தில் யாராவது ஒரு புகாரைப் பதிந்தால் அந்த நொடியே அந்தத் தெருவில் ஒரு சிவப்புப் புள்ளி எழும், தம்பூராவின் கடைசித் தந்தி மாதிரி தாழ்வாக ஒரு சத்தம் வரும். புகார் முடிந்தது என்று அலுவலகத்தில் குறித்தால் புள்ளி பச்சையாகும், ஒரு மணி அடிக்கும். ஊர் தன் குறைகளைப் பாடுகிறது என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள், யார் எழுதியதோ, நன்றாக இருக்கட்டும். எண்களைச் சத்தமாக்குவது என் பிழைப்பு, அதை இவர்களுக்கு நான்தான் செய்து கொடுத்தேன். ஒத்திகை பார்த்த அன்றைக்கு ஆணையர் அம்மா காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, தம்பூரா கொஞ்சம் அடங்கி இருக்கட்டும், மணி நன்றாகக் கேட்கட்டும் என்றார். செய்துவிட்டேன் மேடம் என்றேன். மணி நன்றாகவே கேட்கும். மணி எப்போது அடிக்காது என்பதைத்தான் நான் அவரிடம் சொல்லவில்லை.

லேப்டாப்பில் ஒரே ஒரு விதி கூடுதலாக இருக்கிறது. ஒத்திகையில் அதை அணைத்து வைத்திருந்தேன், இன்று காலை ஒன்பது மணிக்கு நானே என் விரலால் போட்டுவிட்டேன். முடிந்தது என்று குறிக்கிற புகார், அதே இடத்தில் அதே குறைக்காக முன்பே ஒருமுறை முடிந்தது என்று குறிக்கப்பட்டதாக இருந்தால், மணி அடிக்காது. அதற்குப் பதில் ஒரு டிபன் கேரியர் படிக்கட்டில் விழுந்து உருளும். புள்ளிக்குப் பக்கத்தில், எந்தெந்தத் தேதியில் எல்லாம் அந்தக் குறை முடிந்துவிட்டதாகச் சொன்னார்கள் என்று வெள்ளை எழுத்தில் வரிசையாக வரும். அவ்வளவுதான். பொய் ஒன்றும் இல்லை, ஒரு எழுத்துகூட நான் சேர்க்கவில்லை, எல்லாம் இவர்கள் கையால் இவர்கள் குறித்தது. கேரியர் மட்டும்தான் என்னுடையது. என்னுடையதுகூட இல்லை, குணாவுடையது. குணசீலன், என் தம்பி, முப்பத்தாறு வயது, பிரஸ்ஸில் கட்டிங் மெஷின் பார்த்தவன், நான் வேலையாய் இருக்கிற நாளில் மெஸ்ஸில் இருந்து எங்கள் இரண்டு பேருக்கும் சாப்பாடு வாங்கி வருகிறவன். மூன்றடுக்குக் கேரியர், எவர்சில்வர், மேல் மூடி கொஞ்சம் நெளிந்தது. நவம்பர் இருபத்தொன்று, சாயங்காலம் ஆறே முக்கால், மழை, தெருவில் முழங்கால் தண்ணீர். நான் மாடியில் ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறு காதில் அது கேட்டது. ணங் என்று ஒரு சத்தம், அப்புறம் படிக்கட்டில் தட்டித் தட்டி உருண்டது, அப்புறம் மூடி தனியாகக் கழன்று சுற்றிச் சுற்றி, சுற்று குறுகிக் குறுகி, அடங்கியது. நன்றாக இருக்கிறதே என்று நினைத்தேன். ஐயோ, அதைத்தான் நினைத்தேன். என்ன அழகாக அடங்குகிறது, இதை ஒருநாள் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு காதிலும் ஹெட்போனை மாட்டினேன். குணா வாசலுக்கு வந்துவிட்டான், கையை நீட்டிக் கேரியரைப் படியில் வைக்கப் போயிருக்கிறான், கடைசி அடி எடுத்து வைத்த இடத்தில் பாதாள சாக்கடைக்கு மூடி இல்லை. தண்ணீருக்கு அடியில் இருக்கிற ஓட்டை யாருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்துதானே புகார் கொடுத்தேன்.

அதை இப்போது நினைக்காதே. திரையைப் பார். தம்பூரா ஒன்று, இரண்டு, சத்தத்தை அணைத்துத்தான் வைத்திருக்கிறேன், எனக்கு மட்டும் ஹெட்போனில் கேட்கிறது. பேருந்து நிலையத்துப் பக்கம் தெருவிளக்கு. ஆறாவது வார்டில் குடிதண்ணீர். ஊரில் யார் யாரோ எழுந்து பல் விளக்கிக் காபி குடித்து, அப்புறம் போனை எடுத்து, எங்கள் தெருவில் குப்பை அள்ளவில்லை என்று அடிக்கிறார்கள், எந்த நம்பிக்கையில் அடிக்கிறார்களோ. நானும் அடித்தேன். நவம்பர் பதினாலு, திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்பும் முன்னால், போட்டோகூடப் போட்டேன், குழிக்குப் பக்கத்தில் குணாவின் செருப்புக் கால் தெரியும் அதில், அளவு தெரியட்டும் என்று அவனையே நிற்கச் சொல்லி எடுத்தது. ஏன்க்கா, என் காலை ஆணையர் பார்க்கவா என்றான். வியாழக்கிழமை போன் வந்தது. ஒரு சேமியா விளம்பரத்துக்கு வாணலியில் கடுகு வெடிக்கிற சத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன், பதினோரு முறை எடுத்தும் சரியாக வரவில்லை, எண்ணெய் மறுபடி காய்ந்துகொண்டிருந்தது. புகார் முடிந்தால் புகார் கொடுத்தவர் போனுக்கு ஒரு ஓடிபி போகும், நாலு இலக்கம், அதை அவர் வாய் திறந்து சொன்னால்தான் முடிந்தது என்று குறிக்க முடியும். மக்களை ஏமாற்றக் கூடாது என்று யாரோ யோசித்து வைத்த ஏற்பாடு. இவன்தான் பேசினான், இதே தணிகாசலம், இதே குரல், தொண்டையில் சளி கட்டின மாதிரி. "உங்க கம்ப்ளெயின்ட் முடிஞ்சிருச்சும்மா. ஒரு நம்பர் வந்திருக்கும், அதை மட்டும் சொல்லுங்க, உங்களுக்கும் தொந்தரவு இல்ல." ஏழு மூணு சைபர் ஆறு. சொன்னேன். எட்டிப் பார்த்திருக்கலாம், குணாவுக்கு ஒரு போன் போட்டு மூடி போட்டாச்சாடா என்று கேட்டிருக்கலாம். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. தேங்க்ஸ் சார் என்று வேறு சொன்னேன், அதை நினைத்தால்தான் என் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

குணா செத்ததற்கு விசாரணை நடந்தது, நடக்காமல் இல்லை. மூன்று பக்க அறிக்கை. குழி மூடப்பட்டதைப் புகார்தாரரே உறுதி செய்துள்ளார், ஆகவே பொறியாளர் மீது தவறு இல்லை. புகார்தாரர் என்றால் நான். ஹேமலதா என்று என் பெயரைப் போட்டு, பக்கத்தில் நேரத்தைப் போட்டு, பதினொன்று நாற்பத்திரண்டு, அந்த நாலு எண்ணையும் போட்டிருந்தார்கள். என் எண்ணை என் கழுத்திலேயே கட்டிவிட்டான். அறிக்கையோடு வைத்த போட்டோவில் மூடி இருந்தது, பளபளவென்று, ஆனால் அது எங்கள் குழி இல்லை, பின்னால் மஞ்சள் சுவர் தெரிகிறது, எங்கள் தெருவில் மஞ்சள் சுவரே கிடையாது. அம்மாவிடம் நான் இன்றுவரை அந்த அறிக்கையைக் காட்டவில்லை. அம்மா எழுத்துக் கூட்டிப் படிப்பாள், மெதுவாக, விரல் வைத்து, என் பெயர் வருகிற இடத்தில் விரல் நிற்கும். அது நிற்கிற இடத்தை நான் பார்க்க வேண்டும். மாட்டேன். அதனால்தான் நகராட்சியில் இந்த வேலைக்கு ஆள் கேட்கிறார்கள் என்று எனக்கு வேலை கொடுக்கிற கம்பெனிக்காரர் சொன்னதும், பாதிக் கூலிக்கும் நான் தயார் என்று போய் நின்றேன். காகிதத்தில் எல்லாம் கம்பெனி பெயர்தான். இங்கே எல்லோருக்கும் நான் சவுண்ட் மேடம். அந்தக் கேரியரைத் துடைத்து எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே படிக்கட்டில் அறுபது தடவை உருட்டினேன். எதிர்வீட்டு அம்மா ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்டார். அறுபதாவது தடவை மூடி அதே மாதிரி சுற்றி அடங்கியது. சத்தங்களை நான் மறப்பதில்லை.

எழுந்து வருகிறான். என்னிடம்தான் வருகிறான், கையில் காகிதத் தட்டு, தட்டில் இரண்டு வடை. கண்டுபிடித்துவிட்டானா? கால் பெருவிரலில் கட்டுப் போட்டிருக்கிறான், ஒரு காலில் ஷூ, ஒரு காலில் செருப்பு, கொஞ்சம் நொண்டுகிறான். நொண்டட்டும் என்று நினைக்கும்போதே, ஐயோ எங்கே இடித்துக்கொண்டாரோ என்று வாய் கேட்கப் பார்க்கிறது, என்ன பழக்கம் இது, வாயை மூடு. மனசுக்குள் அவன், வாயில் சார். காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கீங்களே, எடுத்துக்குங்கம்மா என்று தட்டை லேப்டாப் பக்கத்தில் வைத்தான். அப்புறமும் போகவில்லை. மகள் வீணை படிக்கிறாளாம், நாலாவது வருஷம், இந்த மாதிரி கம்ப்யூட்டர் சத்தம் எல்லாம் படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்டான். கிடைக்கும் சார், காது நன்றாக இருந்தால் கிடைக்கும் என்றேன். அவளுக்குக் காது ரொம்ப நல்ல காதும்மா, நான் வண்டி நிறுத்தற சத்தத்துலயே எனக்கு அன்னைக்கு ஆபீஸ்ல திட்டு விழுந்துச்சான்னு சொல்லிடுவா என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே எனக்கு வேண்டாம். நீ ஒரு மகளோடு வராதே, வடையோடு வராதே, கட்டுப் போட்ட விரலோடு வராதே. நான் பத்து மாதமாக வளர்த்து வைத்திருக்கிறவன் வேறே ஒருத்தன், அவனுக்கு முகம் இல்லை, சளி கட்டின குரல் மட்டும்தான். எங்கே விட்டேன். ஆமாம், மஞ்சள் சுவர். மஞ்சள் சுவரைப் பிடித்துக்கொள் ஹேமா.

அவனே காப்பாற்றினான் என்னை. இரண்டடி தள்ளிப் போய் போனை எடுத்தான், நான் ஹெட்போன் மாட்டியிருக்கிறேன், எனக்குக் கேட்காது என்ற தைரியம். மாட்டித்தான் இருந்தேன், ஒரு காதில். வார்டு ஆபீஸில் இருக்கிற பெண்ணிடம் பேசுகிறான், செல்வராணி என்று கூப்பிட்டான். மேடம் பட்டனை அமுக்கினதும் நான் ஒரு மிஸ்டு கால் குடுப்பேன், உடனே ஒவ்வொன்றாக முடி, ஒரேயடியாக முடிக்காதே, அரை நிமிஷத்துக்கு ஒன்று, நம் வார்டு வரிசையாகப் பச்சையாகணும், எத்தனைக்கு நம்பர் வாங்கி வைத்திருக்கே, முப்பத்தொன்றா, போதும், வாங்காததற்கும் போன் போட்டு வாங்கிக்கிட்டே இரு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தண்ணீர் பாட்டிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். ஒன்றோ இரண்டோ விழும், அதற்கே காத்திருக்கலாம் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். இவன் முப்பத்தொன்றை வரிசையில் நிறுத்தி வைத்திருக்கிறான். இவன் வார்டில் ஒரே குழி எத்தனை தடவை முடிந்திருக்கிறது என்பதை இவனைவிட நான் நன்றாகவே அறிவேன், பதினான்கு மாதத்துத் தகவல் முழுக்க என் விரல்நுனியில் இருக்கிறது. வடையை எடுத்துக் கடித்தேன். நன்றாக இருந்தது, அதுதான் கொடுமை.

ஆணையர் அம்மா பதினொன்று இருபதுக்கு வந்தார். பொன்னாடை, பூங்கொத்து, இரண்டு நிமிடப் பேச்சு. பதினேழாவது வார்டுதான் புகார்களை முடிப்பதில் முதலிடம் என்று சொல்லித் தணிகாசலத்தை மேடைக்குக் கூப்பிட்டார், பட்டனில் அவர் கையும் இவன் கையும் சேர்ந்தே இருந்தன. அமுக்கினார்கள். சத்தத்தைத் திறந்தேன். தம்பூரா கூடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறைத்தது, யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு அழகாகத்தான் இருந்தது, பின்வரிசையில் யாரோ ஆஹா என்றுகூடச் சொன்னார்கள். மூன்றாவது வார்டில் ஒரு மணி. கைதட்டல். பதினேழாவது வார்டில் ஒரு மணி, அது புதுப் புகார், தெருவிளக்கு, உண்மையாகவே முடித்திருப்பார்களோ என்னவோ. தணிகாசலம் திரையைப் பார்த்துக் கொஞ்சம் நிமிர்ந்து நின்றான். அரை நிமிடம். அப்புறம் கேரியர் விழுந்தது. ணங். படிக்கட்டு. மூடி சுற்றிச் சுற்றி அடங்கியது. எல்லோரும் வடை வைத்திருந்த பக்கத்து அறையைத் திரும்பிப் பார்த்தார்கள், ஒருத்தர் எழுந்து போய், பாத்திரத்தை மெதுவா வைங்கப்பா, ஃபங்ஷன் நடக்குதுல்ல என்று சமையல்காரர்களை அதட்டிவிட்டு வந்தார். அவர் உட்காருவதற்குள் அடுத்தது. இந்தத் தடவை திரையில் எழுத்தையும் பார்த்தார்கள். ஜனவரி எட்டு, முடிந்தது. பிப்ரவரி இரண்டு, முடிந்தது. பிப்ரவரி இருபத்தாறு, முடிந்தது. இன்று, முடிந்தது. அப்புறம் இன்னொன்று, இன்னொன்று, செல்வராணி கடிகாரம் பார்த்துத்தான் செய்கிறாள், சொன்னபடி கேட்கிற பெண். ஆணையர் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய் ஒரு தேதியை விரலால் தொட்டார்.

தணிகாசலம் போனை எடுத்துவிட்டான். நிறுத்தச் சொல்லப் பார்க்கிறான். காதில் வைக்கிறான், எடுக்கிறான், மறுபடி வைக்கிறான், லைன் கிடைக்கவில்லை. முகம் வெளுத்து, நெற்றியில் வேர்த்து, அந்தப் புதுச்சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து மாதமாக நான் பார்க்க ஆசைப்பட்ட முகம் இது, வயிறு குளிர்ந்தது, ஆமாம், குளிர்ந்தது, நான் ஏன் பொய் சொல்ல வேண்டும். ஆனால் எங்கள் தெரு இன்னும் வரவில்லை. குணாவுக்கு அப்புறம் மூன்றே நாளில் புது மூடி போட்டார்கள், மே மாதம் தண்ணி லாரி ஏறி அது உடைந்தது, அதற்கப்புறம் இரண்டு தடவை முடிந்தது என்று குறித்தாகிவிட்டது, இப்போது குழியில் ஒரு வேப்பங்கிளையும் சிவப்புத் துணியும்தான். பக்கத்து மாடி வீட்டு ட்யூஷனுக்கு வருகிற பிள்ளைகள் அதைச் சுற்றி ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு போகிறார்கள். போன வாரம் நான்தான் மறுபடி புகார் கொடுத்தேன், இந்த நாளுக்கென்றே கொடுத்தேன். அது முடியும்போது திரையில் முதல் வரியாக நவம்பர் பதினேழு, முடிந்தது என்று வரும். அந்த ஒரு வரி இந்தக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் எரிய வேண்டும். கேரியர் அதற்காக உருள வேண்டும். வா, வா. ஏன் வரவில்லை? அப்போதுதான் என் போன் அடித்தது.

எண்ணைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அவனுக்கு ஏன் லைன் கிடைக்கவில்லை என்பதும் புரிந்தது, செல்வராணியின் லைன் ஓயவே இல்லை. நம்பர் வாங்காததற்கெல்லாம் போன் போட்டுக்கொண்டே வருகிறாள், இது என் முறை. போன் திரையில் மேலே வந்து நின்றது செய்தி, நாலு இலக்கம். நான் சொன்னால்தான் முடியும். முடிந்தால்தான் கேரியர் உருளும். சொல்லாவிட்டால் ஒரு சத்தமும் வராது, என் கையால் நான் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன், முடியாத புகாருக்குச் சத்தம் கிடையாது. அடிப் பாவி, இத்தனை மாதம் உட்கார்ந்து எழுதினாயே, குணாவின் சத்தம் வர வேண்டும் என்றால் நீ மறுபடி அந்த எண்ணைச் சொல்ல வேண்டும் என்று ஒரு நாளாவது தோன்றியதா உனக்கு? நாலு எண், மூன்று நொடி. கிளையும் துணியும் அப்படியே இருக்கும், காகிதத்தில் முடிந்திருக்கும், இன்றைக்கு மழை இல்லை, நாளைக்கே மறுபடி புகார் கொடுத்துக்கொள்ளலாம், மூன்று நொடிதானே. எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கிறது. சொல்லிவிடு, சொல்லிவிடு, நவம்பர் பதினேழு எரியட்டும், அவன் பார்க்கட்டும். கை என்னவோ தானாகவே போனை எடுத்து ஸ்பீக்கரைப் போட்டது. மறு கை மைக்கை எடுத்துப் போனுக்குப் பக்கத்தில் பிடித்தது.

"மேடம், பதினேழாவது வார்டு ஆபீஸ்ல இருந்து பேசறோம்" என்றது கூடம் முழுக்க. "உங்க தெரு சாக்கடை மூடி கம்ப்ளெயின்ட் முடிஞ்சிருச்சு. ஒரு நம்பர் வந்திருக்கும், அதை மட்டும் சொல்லுங்க."

"மூடி போட்டாச்சா?"

"போட்டாச்சு மேடம்."

"யாரு போட்டது?"

விசைப்பலகை தட்டுகிற சத்தம் வந்தது. "சிஸ்டத்துல போட்டாச்சுன்னுதான் இருக்கு மேடம்."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தணிகாசலம் மேடையில் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. என்னைப் பார்த்தான், மைக்கைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். சவுண்ட் மேடம் யார் என்று இப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. அறிக்கையில் அவனைக் காப்பாற்றிய பெயருக்கு முகம் கிடைத்துவிட்டது, எனக்கும் கிடைத்துவிட்டது, வடை கொடுத்த முகம்தான், நொண்டுகிற கால்தான், அதே ஆள்தான் எங்கள் குழிக்குப் பதில் வேறு குழியைப் படம் எடுத்தது. வேறே ஒருத்தன் எங்கேயும் இல்லை.

"மேடம், லைன்ல இருக்கீங்களா? நம்பர் மேடம்."

"இருக்கேன்மா. சொல்ல மாட்டேன்."

"மேடம், ப்ளீஸ், நம்பர் வாங்கலன்னா சார் திட்டுவார்."

"சார் இங்கதான் இருக்கார். கேட்டுக்கிட்டுத்தான் இருக்கார்."

அவள் வைத்துவிட்டாள். தம்பூரா ஓடிக்கொண்டிருந்தது, எங்கேயோ யாரோ ஒரு புதுப் புகாரைப் பதிந்தார்கள். ஆணையர் அம்மா, இந்தத் தெரு எங்கே இருக்கிறது, வண்டியை எடுக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிக்கொண்டே இறங்கி வந்தார். நான் மைக்கைக் கீழே வைத்தேன். சுவரில் எங்கள் வீட்டு வாசல் சிவப்பாகவே இருந்தது. குணாவுக்காக மட்டும் கேரியர் இன்றைக்கு உருளவில்லை.